பாதி வாய் திறந்த படம்

நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, இந்த ஊர்காவற்றுறை வரைக்கும் வந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களைத் திரும்பும் படகுக்கு நேரத்தோடு அனுப்ப வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பழைய சினிமாப் படம். 1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ‘மர்மத் தீவு’ என்ற அறிவியல் புனைவுப் படம். பாதி பேசும், பாதி பேசாது. ஊமைப் படக் காலம் முடிந்தும் முடியாமலும், பேசும் படக் காலம் விடிந்தும் விடியாமலும் இருந்த அந்த இடைவெளியில் பிறந்த படம். அதை முன்னே வைத்து ஒரேயொரு கேள்வியைக் கேட்கப் போகிறேன். ஒரு படத்துக்குக் கொஞ்சக் குரல்தான் கொடுக்க முடியும் என்ற நிலை வந்தபோது, அந்தக் கொஞ்சக் குரலை எங்கே வைத்தார்கள்? யாருடைய வாயில் வைத்தார்கள்?

இந்தக் கேள்வி ஏன் பெரிதென்றால், முழுக்கப் பேசும் படத்திடம் இதைக் கேட்க முடியாது. அங்கே எல்லோரும் பேசுகிறார்கள். கதாநாயகனும் பேசுகிறான், கதவைத் திறப்பவனும் பேசுகிறான். முழு ஊமைப் படத்திடமும் கேட்க முடியாது. அங்கே எவருக்கும் குரல் இல்லை. பாதி பேசும் படம் ஒன்றிடந்தான் கேட்கலாம். பத்துக் குடத்துக்கு ஒரு குடம் நன்னீர் கிடைக்கும் தீவிலே, அந்த ஒரு குடத்தை எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தால் அந்த வீட்டின் மனம் தெரிந்துவிடும் அல்லவா? அதைப் போலத்தான் இது. கிடைத்த கொஞ்சக் குரலை ஒரு படம் எதற்குச் செலவழித்தது என்று பார்த்தால், அதை எடுத்தவர்கள் எதைக் கேட்கத் தகுந்தது என்று நினைத்தார்கள், எதைப் பார்த்தாலே போதும் என்று விட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

காலத்தைக் கொஞ்சம் நினைவூட்டுகிறேன். 1927 ஒக்ரோபரில் வார்னர் நிறுவனத்தின் ‘ஜாஸ் பாடகன்’ வெளியானது. அதுவும் முழுக்கப் பேசிய படமன்று. பாட்டுகளும் சில பேச்சுகளுந்தான் ஒலித்தன, மிச்சமெல்லாம் எழுத்து அட்டைகள். ஆனால் மக்கள் திரையரங்குகளை மொய்த்தார்கள். அதன்பின் படக் கம்பனிகளுக்குத் தூக்கம் போயிற்று. கையிலே இருந்தவை எல்லாம் எடுத்து முடித்த ஊமைப் படங்கள். அவற்றை எறியவும் மனம் வரவில்லை, அப்படியே வெளியிடவும் துணிவில்லை. என்ன செய்தார்கள்? பேசும் காட்சி ஒன்றிரண்டை எடுத்து இடையிலே ஒட்டினார்கள். அந்தத் தொழிலில் இருந்தவர்களே இவற்றுக்கு ‘ஆட்டுச் சுரப்பிப் படங்கள்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அக்காலத்தில் ஒரு போலி மருத்துவர், ஆட்டின் சுரப்பியை வெட்டி மனிதனுக்கு வைத்துத் தைத்தால் வயோதிபம் போய் இளமை திரும்பும் என்று விளம்பரம் செய்து பணம் குவித்துக்கொண்டிருந்தார். கிழட்டு ஊமைப் படத்துக்குப் பேச்சை வைத்துத் தைப்பதும் அந்த வித்தையைப் போலத்தான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

‘மர்மத் தீவு’ அந்தக் கூட்டத்திலே மிகவும் பெரிய செலவில் எடுக்கப்பட்ட ஒன்று. மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் 1926இலேயே, ஊமைப் படமாகவே, இதைத் தொடங்கியது. கடலுக்கடியில் படம் பிடிப்பதில் பேர்போன ஜோன் ஏர்னஸ்ட் வில்லியம்சனைப் பஹாமாஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இவருடைய தகப்பனார் ஒரு கப்பல் தலைவர். நீருக்குள் இறங்கும் நீண்ட உலோகக் குழாய் ஒன்றை அமைத்தவர். மகன் அந்தக் குழாயின் அடியிலே கண்ணாடிச் சாளரம் வைத்த ஓர் உருண்டை அறையைப் பொருத்தி, அதற்குள் உட்கார்ந்தபடி கடலைப் படம் பிடித்தார். சங்கு குளிக்கப் போனவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த காட்சியை, மூச்சு விட்டுக்கொண்டே பார்க்க வழி செய்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் பஹாமாஸில் புயல் அடித்து வேலையைக் கெடுத்தது. மொரிஸ் தூர்னர் இயக்கினார், விலகினார். டென்மார்க்கைச் சேர்ந்த பெஞ்சமின் கிறிஸ்டென்சன் இயக்கினார், அவரும் போனார். கடைசியில் லூசியன் ஹப்பார்ட் என்பவர் பெயரில் படம் முடிந்தது. இதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன, உலகம் பேசத் தொடங்கிவிட்டது. ஆகவே பேச்சை ஒட்டினார்கள். 1929 ஒக்ரோபரில் வெளியிட்டார்கள். பெரிய நட்டம். டெக்னிக்கலர் வண்ணத்தில் எடுத்த அதன் வண்ணப் பிரதியும் முழுதாகக் கிடைக்காமலே கிடந்தது; 2013இல் பிராகா நகரில் ஒரு பிரதி அகப்பட்ட பிறகுதான் அதன் நிறத்தை மறுபடியும் உலகம் பார்த்தது.

கதை இதுதான். டக்கார் என்ற பிரபு. லயனல் பரிமோர் நடித்தார். ஒரு தீவிலே, உயர்வு தாழ்வு இல்லாத சமுதாயம் ஒன்றை அமைத்து, நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறார். ஆழ்கடலின் அடியிலே மனிதரைப் போன்ற ஓர் இனம் வாழ்கிறது என்பது அவருடைய கொள்கை. ஃபாலன் என்ற கொடுங்கோலன் நண்பனாக வந்து, பின் படையோடு வந்து தீவைப் பிடிக்கிறான். நீர்மூழ்கிகள் அடியிலே போகின்றன. அங்கே சின்னஞ்சிறு கடல் மனிதர்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள், பெரிய கணவாய் ஒன்று வருகிறது. இந்தப் படத்திலே குரல் எங்கே இருக்கிறது? முன்பகுதியிலே, டக்காரும் ஃபாலனும் அறைக்குள் இருந்து பேசும் நீண்ட உரையாடலில் இருக்கிறது. விஞ்ஞானி தன் கொள்கையை விளக்குகிறார், அதிகாரி கேட்கிறான். அந்த விளக்கத்துக்குத்தான் குரல். அதன் பிறகு பெரும்பகுதி எழுத்து அட்டையும் இசையும் இரைச்சலுந்தான். கடலின் அடியிலே வாழும் அந்த மக்களுக்கு ஒரு சொல் இல்லை. காதலுக்குக்கூடப் பெரிதாகக் குரல் இல்லை. அறிவு பேசுகிறது, அதிகாரம் பேசுகிறது. அதிசயம் ஊமையாக நிற்கிறது. தரைக்கு மேலே குரல், தண்ணீருக்குக் கீழே மௌனம்.

தீவகத்துக்காரருக்கு இந்தப் பிரிவு புதிதாகத் தோன்றாது. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கல்லைக் காலில் கொடுத்து இறங்குகிறவன் அடியிலே ஊமை. அவன் கயிற்றை அசைத்தால்தான் மேலே நிற்பவனுக்குச் செய்தி. ஆனால் மேலே ஒருவர் இருப்பார், கடல்கட்டி என்று பெயர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லுகிறவர். அவர் இல்லாவிட்டால் குளிக்க இறங்க மாட்டோம் என்று முத்துக் குளிப்போர் நின்றதை வெள்ளைக்கார அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பவர் வாயிலே சொல். கீழே இறங்கியவன் நெஞ்சிலே அடக்கிய மூச்சு. ஆபத்து யாருக்கு? கீழே போனவனுக்கு. குரல் யாருக்கு? மேலே இருந்தவருக்கு. 1929இன் அந்தப் படமும், தெரிந்தோ தெரியாமலோ, இதே பங்கீட்டைத்தான் செய்தது.

இங்கே ஒருவர் எழுந்து மறுக்கலாம். “ஐயா, இதில் கருத்து எங்கே இருக்கிறது? நேரமில்லை, காசில்லை, ஒலிவாங்கியை அசைக்க முடியாத காலம். அறைக்குள் இரண்டு பேரை இருத்திப் பேச வைப்பது லேசு, ஆகவே பேச வைத்தார்கள். அவ்வளவுதானே?” நியாயமான மறுப்பு. ஒலிவாங்கியைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்து நடிகரை அதனருகே நிறுத்திய காலந்தான் அது. ஆனால் அறைக்குள் இருத்திப் பேச வைக்க எத்தனையோ சோடி இருந்தது. டக்காரின் சகோதரியையும் அவளுடைய காதலனையும் இருத்தியிருக்கலாம். அந்தத் தீவின் தொழிலாளர் இருவரை இருத்தி, உயர்வு தாழ்வற்ற வாழ்வு எப்படி இருக்கிறது என்று கதைக்க விட்டிருக்கலாம். அவர்கள் தேர்ந்தது கண்டுபிடிப்பாளனையும் ஆட்சிக்காரனையும். கருவியின் குறைபாடு ‘கொஞ்சமாகத்தான் பேசலாம்’ என்று கட்டளையிட்டது. ‘இவர்கள்தான் பேச வேண்டும்’ என்று அது கட்டளையிடவில்லை. அதை மனிதர்கள்தான் தீர்மானித்தார்கள். அவசரத்தில் செய்த தெரிவு என்பதாலேயே அது அதிகம் உண்மை சொல்லுகிறது என்பேன். ஆற அமர இருந்து செய்திருந்தால் அவர்கள் தம் விருப்பத்தை மறைத்திருக்கக்கூடும்.

இனி, இந்தப் படத்தைத் தீவகத்திலே வைத்துப் பேசுவதற்கு முதற் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். டக்கார் யார்? படத்தைப் பார்த்தால் அவர் ஹெற்வியா என்ற கற்பனை ஐரோப்பிய நாட்டின் பிரபு. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஜூல்ஸ் வேர்ண் எழுதி 1874இல் வெளிவரத் தொடங்கிய ‘மர்மத் தீவு’ நாவலிலிருந்து வந்தது. நாவலிலே டக்கார் ஐரோப்பியர் அல்லர். அவர் இந்தியர். புந்தேல்கண்டின் அரசகுமாரர், திப்புவின் உறவினர் என்று வேர்ண் எழுதுகிறார். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்டு, குடும்பத்தை இழந்து, உலகத்தை வெறுத்துக் கடலுக்குள் போன மனிதர். ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் நெமோ என்று வருகிறவரும் இவர்தான். நெமோ என்றால் இலத்தீனில் ‘யாருமில்லை’ என்று பொருள். பெயரில்லாத, நாடில்லாத அந்த மனிதர் அந்த நாவலில் எங்கே வருகிறார் தெரியுமா? நமக்குத் தெற்கே, மன்னார் முத்துச் சிலாபத்துக்கு வருகிறார். கடலின் அடியிலே ஒரு ஏழை முத்துக்குளிப்பவனைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்ந்து காப்பாற்றுகிறார். அவனுடைய கையிலே ஒரு பை நிறைய முத்தைக் கொடுத்து அனுப்புகிறார். அவன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், தானும் கடைசி மூச்சுவரை அந்த நாட்டைச் சேர்ந்தவன்தான் என்று பிறகு சொல்லுகிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவருடைய மனம் நமது கடலுக்கு வந்து, அங்கே தன் கதாநாயகனுக்கு ஒரு நாட்டைக் கண்டுபிடித்திருக்கிறது.

1916இல் யுனிவர்சல் நிறுவனம் இந்த இரண்டு நாவல்களையும் கலந்து ஓர் ஊமைப் படம் எடுத்தது. அதற்கும் வில்லியம்சன் சகோதரர்கள்தான் கடலடிக் காட்சிகளைப் பிடித்தார்கள். அந்தப் படத்தில் நெமோ இந்திய அரசகுமாரராகவே இருக்கிறார். முத்துக்குளிப்பவனைக் காப்பாற்றும் காட்சியும் இருக்கிறது, சுறாவுக்குப் பதிலாக ஒக்டோபஸ். வெள்ளை நடிகர் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு நடித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் கதையிலே அவர் இந்தியர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1929இல், டக்கார் வாய் திறந்து பேசுகிறார். அப்போது அவர் இந்தியர் அல்லர். ஊமையாக இருந்தவரைக்கும் இந்தியர், பேசத் தொடங்கியபோது ஐரோப்பியர். இதை நான் உரத்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வண்ணப் பிரதி கிடைத்த செய்தியில் நின்றுவிடுகிறார்கள். இந்த இழப்பை எவரும் தேடியதாக எனக்குத் தெரியவில்லை.

ஒலி வந்ததால்தான் டக்காரின் நாடு போயிற்று என்று சொல்லுகிறேனா? இல்லை. அப்படிச் சொன்னால் அது பிழையாகிவிடும். படம் 1926இலேயே ஊமைப் படமாகத் திட்டமிடப்பட்டது. ரஷ்யப் புரட்சி கண்முன்னே நடந்து முடிந்திருந்த காலத்தில், கொடுங்கோலன், தொழிலாளர், கிளர்ச்சி என்றால் அமெரிக்கப் பார்வையாளருக்கு ஐரோப்பிய நாடு ஒன்று எளிதாக விளங்கும் என்று அவர்கள் கருதியிருக்கலாம். என் வாதம் அதுவன்று. குரல் என்ற புதிய செல்வம் வந்து சேர்ந்த நேரத்தில் அது யாருடைய வீட்டு வாசலில் இறங்கியது என்பதுதான் என் வாதம். அடிமைப்பட்ட நாட்டின் மகன் ஒருவன் தன் கொள்கையைத் தன் வாயால் விளக்கும் முதற் காட்சியாக அது இருந்திருக்கலாம். வாய்ப்பு மேசைமேல் இருந்தது. அது எடுக்கப்படவில்லை.

அப்படியென்றால் நம்முடைய பக்கத்திலே, தமிழிலே, முதற் குரல் எங்கே வைக்கப்பட்டது? ‘மர்மத் தீவு’ வெளியாகி இரண்டே ஆண்டில், 1931 ஒக்ரோபர் 31ஆம் திகதி, சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் ‘காளிதாஸ்’ வெளியானது. அர்தேஷிர் இரானியின் பம்பாய்க் கலையகத்தில், அதே ஆண்டு மார்ச்சில் வந்த ‘ஆலம் ஆரா’வின் அரங்கப் பொருள்களைக் கொண்டே, எச்.எம். ரெட்டி இயக்கினார். படச்சுருள் சென்னைக்கு வந்தபோது தேங்காய் உடைத்து, பூத் தூவி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சொல்லுவார்கள். கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பேசினார். இன்னும் சிலர் இந்தியில் பேசினார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் வேறு மொழியில் மறுமொழி சொன்னார். இதுவும் பாதி பேசும் படந்தான். அங்கே காட்சிக்குக் காட்சி மௌனம். இங்கே வாய்க்கு வாய் மொழி மாற்றம். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அந்தப் படத்தின் பாதி ஊமைதானே?

ஆனால் தமிழர் வந்து குவிந்தார்கள். எதைக் கேட்க? பாட்டைக் கேட்க. தியாகராஜ கீர்த்தனைகள் இருந்தன. காந்தியின் இராட்டினத்தைப் பற்றி மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு இருந்தது. குறத்தி நடனம் இருந்தது. இராட்டினத்துக்கும் காளிதாசருக்கும் என்ன சம்பந்தம் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். கதையையும் பாருங்கள்: மந்திரி சூழ்ச்சி செய்து அரசகுமாரியை ஓர் எழுத்தறிவற்ற இடையனுக்குக் கட்டிவைக்கிறான், அவள் காளியை வேண்டுகிறாள், காளி அவனுக்குக் கவி பாடும் நாவைக் கொடுக்கிறாள். தமிழின் முதற் பேசும் படம், நாவு பெற்ற ஒருவனைப் பற்றிய படம். அமெரிக்கரின் பாதிக் குரல் விளக்கத்துக்குப் போயிற்று. நம்முடைய பாதிக் குரல் பாட்டுக்குப் போயிற்று. அங்கே குரல் என்றால் அறிவைச் சொல்வது. இங்கே குரல் என்றால் அருள் இறங்குவது.

இதற்கும் மறுப்பு உண்டு. ‘ஜாஸ் பாடகன்’ என்ற படமும் பாட்டுக்குத்தானே குரலைக் கொடுத்தது. அமெரிக்கர் விளக்கம், தமிழர் பாட்டு என்று பிரிப்பது எப்படிச் சரியாகும்? சரிதான், அதை ஏற்றுக்கொண்டு என் வாதத்தைத் திருத்துகிறேன். பாடகனைப் பற்றிய படம் பாட்டுக்குக் குரல் கொடுத்தது. விஞ்ஞானியைப் பற்றிய படம் விளக்கத்துக்குக் கொடுத்தது. அதாவது அவர்களிடம் குரல் கதைப்பொருளைத் தொடர்ந்து போனது. நம்மிடமோ கதை எதுவானாலும் குரல் பாட்டைத் தேடியே போனது. இதை முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்துப் பார்க்க நமக்கொரு வாய்ப்புக் கிடைக்கிறது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த, வேற்றுக்கிரகத்தார் வரும் அறிவியல் புனைவுப் படம். அந்தக் கிரகத்தில் விஞ்ஞானம் எல்லாம் இருக்கிறது, பறக்கும் கலம் இருக்கிறது, இல்லாதது சங்கீதம். ஆகவே பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்! பிற மொழியினர் பலரின் கற்பனையில் வேற்றுக்கிரகத்தான் நம் தண்ணீருக்கு வருவான், நம் நிலத்துக்கு வருவான். தமிழன் கற்பனையில் அவன் பாட்டுக்கு வருகிறான். இதைக் குழந்தைத்தனம் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1931இல் குரலை எங்கே வைத்தோமோ, அதே இடத்தில் நின்று எதிர்காலத்தையும் கற்பனை செய்திருக்கிறோம்.

இதன் வேர் கூத்தில் இருக்கிறது என்று எண்ணுகிறேன். இந்தக் கரையோர ஊர்களில் அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, விடிய விடிய ஆடிய நாட்டுக்கூத்துகளில் அரசன் கோபித்தாலும் பாட்டு, தாய் அழுதாலும் பாட்டு. வசனம் பாட்டுக்குப் பாய் விரிக்கத்தான் வந்தது. இன்னொன்றும் கவனியுங்கள். ‘பேசும் படம்’ என்று இந்தியாவில் பெயர் வைத்தார்கள். நமது ஊரில் ‘பேசினான்’ என்றால் ஏசினான் என்றல்லவா பொருள்! நாங்கள் பேசுவதில்லை, கதைக்கிறோம். சொல்லும் கதை, இருவர் பரிமாறும் சொல்லும் கதை. விளக்குவதையும் உரையாடுவதையும் கதையையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் நமக்கு, பாட்டொன்றுதான் குரல் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கதைக்கிற குரல் திரைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. இலங்கையின் முதற் சிங்களப் பேசும் படம் ‘கடவுனு பொறொந்துவ’வே 1947இல் வெளிவந்தபோது, மதுரையில் எடுக்கப்பட்ட படமாக இருந்தது. செங்கை ஆழியான் நெடுந்தீவுக் கரைக்கு வாடை பிடித்து வரும் மீனவரைப் பற்றி எழுதிய ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் படமானபோதுதான், இந்தத் தீவுகளின் கதை, இந்தத் தீவுகளின் பேச்சோடு திரையிலே கேட்டது.

“மணிபல்லவத்தை விட்டுவிட்டு ஏன் அமெரிக்கத் தீவுக்குப் போகிறீர்கள்?” என்று கேட்பவர்களும் இருப்பார்கள். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று நம்மவர் பலர் கொள்கிறார்கள். தூங்கும் பெண்ணைத் தெய்வம் வானத்தால் தூக்கி வந்து அந்தத் தீவில் விட, அவள் புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்ந்தாள் என்று மணிமேகலைக் காப்பியம் சொல்லுகிறது. இதைக் காட்டி, அறிவியல் புனைவும் எங்களிடம் முன்பே இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது காப்பியத்துக்கும் மரியாதையன்று, அறிவியலுக்கும் மரியாதையன்று. ஆனால் ஒன்றைச் சொல்லுவேன். அந்தத் தீவில் தனியே கண்விழித்த அந்தப் பெண்ணுக்கு, காப்பியத்தைப் பாடிய சாத்தனார் உடனே குரலைக் கொடுக்கிறார். தோழியைக் கூப்பிடுகிறாள், தந்தையை நினைத்து அழுகிறாள். ஆதரவற்று நிற்பவளுக்குக் குரல் வைத்த ஒரு மரபு நம்மிடம் இருந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

அதனால்தான் அந்த மன்னார் முத்துக்குளிப்பவனை என்னால் மறக்க முடியவில்லை. வேர்ணின் நாவலிலும் அவன் ஒரு சொல் பேசுவதில்லை. பயத்தால் விரிந்த கண்ணோடு முத்துப் பையை வாங்கிக்கொள்கிறான், போய்விடுகிறான். 1916இன் படத்திலே அவன் பஹாமாஸ் கடலுக்கு இடம் மாறினான். 1929இன் படத்திலே அவனைக் காப்பாற்றியவரின் நாடே மாறியது. அவன் கரையேறி, கல்லையும் கயிற்றையும் கழற்றி வைத்து, வீட்டுக்குப் போய், அடியிலே தான் கண்ட அந்த விசித்திர மனிதர்களைப் பற்றி மனைவியிடம் என்ன கதைத்திருப்பான்? அந்தக் காட்சியை இன்னும் எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. மாணவச் செல்வங்களே, அதை எழுதுவதற்குரிய தமிழ் உங்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. படகுக்கு நேரமாகிறது, உங்களை விடுகிறேன்.